மூன்று மணப்பெண்கள் போட்ட லென்ஸ்

வார நாட்களில் சிரம்பான் டவுனுக்குப் பக்கம் சுங்கை காடுட்டில் ஒரு எலெக்ட்ரானிக் பேக்டரியில் லைன் லீடர் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப். பத்து வருடமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடியது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, பாதிக்கு மேல் ஆட்கள் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள், ஆனாலும் கல்யாணம் என்று வந்தால் என்னைத்தான் தேடுவார்கள். கை சுத்தம், ராசியான கை என்று பேர். அந்தப் பேரை நானும் நம்பியிருந்தேன்.

கலர் லென்ஸ் விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். டவுனில் மற்ற மேக்கப்காரிகள் எல்லாரும் போட ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் வருகிறவர்களும் அந்தப் படங்களைக் காட்டி, "அக்கா, இந்தக் கண்ணு மாதிரி வருமா?" என்று கேட்டார்கள். வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன் கவரும் கண்ணாடி வளையலும் விற்கிற ஒரு பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கடையில் மூன்று ஜோடி வாங்கினேன். ஒன்று சாம்பல், ஒன்று தேன் நிறம், ஒன்று நீலம். பவர் இல்லாத லென்ஸ் என்பதால் கெடுதல் செய்யாது என்றான் கடைக்காரன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வாங்கியிருக்கலாம். அங்கே போனால் கண்ணைச் சோதிக்க வேண்டும், ஆளைக் கூட்டிவா என்பார்கள் என்று தெரியும். அந்த வேலையெல்லாம் எனக்கு வேண்டாத சுமையாகத் தெரிந்தது.

சாம்பல் ஜோடியை முதலில் போட்டது எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி. படம் பிரமாதமாக வந்தது. கல்யாணம் முடிந்ததும் லென்ஸை எடுத்து, கழுவி, டப்பாவில் போட்டு வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அதையே இன்னொருத்திக்குப் போட்டேன். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சவுரி எல்லாம் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போவதுதானே. லென்ஸையும் அந்தப் பெட்டியிலேயே, அந்தச் சாமான்களோடுதான் வைத்திருந்தேன். என் மனதில் அதுவும் வாடகைச் சாமான்தான்.

மூன்றாவதாகப் போட்டவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி இருந்தவள். படிப்பு முடித்துச் சும்மா இருந்தவளை நான்தான் பேக்டரியில் சேர்த்துவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சர்க்யூட் பலகையில் சின்னச் சின்ன ஈயப் பற்றுகளில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மற்றவர்கள் நாலு மணி நேரத்தில் தலைவலி என்று எழுந்துவிடுவார்கள். அவள் சளைக்க மாட்டாள். மேனேஜர் வந்தால் அவள் மேசையைத்தான் காட்டுவேன். அந்த லைனில் அவளைவிடக் கூர்மையான கண் கிடையாது. அவளுக்கு டவுனை ஒட்டிய ராசாவில் மாப்பிள்ளை அமைந்தது. பஸ் ஓட்டுகிற பையன், தங்கமானவன். மேக்கப் நான்தான் என்பது பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயமாகவே இருக்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம், நான் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, ஒத்திகை மேக்கப்புக்கு என் வீட்டுக்கு வந்தாள். மூன்று ஜோடியையும் மேசையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தேன் நிறத்தைத் தொட்டாள்.

"இது போதும்க்கா. பார்த்தா பெருசா வித்தியாசம் தெரியாது."

"வித்தியாசம் தெரியாட்டி எதுக்குப் போடறது? உன் கலருக்கு கிரேதான் எடுப்பா இருக்கும். கேமரால பாரு, அப்புறம் சொல்லு."

போட்டுவிட்டேன். கண்ணில் நீர் கொட்டியது. இமையை விரலால் பிடித்துக்கொண்டு, "உறுத்துதுக்கா" என்றாள்.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும்லா. பழகிடும்."

கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். "நான் மாதிரியே இல்லக்கா" என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. காலையில் கோயிலில் முகூர்த்தம், மாலையில் டேவான் மண்டபத்தில் விருந்து. விடியும்போது போட்ட லென்ஸ் ராத்திரி விருந்து முடியும்வரை அவள் கண்ணிலேயே இருந்தது. நடுவில் மதியம் களைத்துப்போய் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். எழுந்ததும், "கழட்டிட்டு மறுபடியும் போடலாமாக்கா? கண்ணு காயுது" என்று கேட்டாள். கழற்றினால் மை கலையும், மறுபடி முழுக்க வரைய வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கோ" என்றேன். அன்றைக்கு விருந்து முடிந்து லென்ஸை எடுத்து டப்பாவில் போடும்போது பார்த்தால், லென்ஸ் ஊறவைக்கிற மருந்துத் தண்ணீர் தீர்ந்து போயிருந்தது. டப்பாவில் மிச்சம் கிடந்த பழைய தண்ணீரோடு, மேசைமேல் யாரோ குடித்துவிட்டு வைத்த போத்தல் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். குடிக்கிற தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் வெளியில் படம் எடுக்க ஏற்பாடு. அதற்கும் நான்தான். அவள் வந்து உட்கார்ந்தபோது வலது கண் ஓரம் சிவந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது. சிவப்பு போக்குகிற சொட்டு மருந்து ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதைக் கண்ணில் விட்டு, கொஞ்சம் வெளுத்ததும், அதே லென்ஸை மறுபடியும் போட்டேன். படம் எடுக்கிறவன், "கண்ணு செமையா இருக்கு" என்றான். சாயந்திரம் லென்ஸைக் கழற்றி என் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை அவள் எம்சி போட்டு லீவு எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். கல்யாண அலுப்பு என்று நினைத்தேன். வியாழக்கிழமை அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக அவள் அம்மா போனில் அழுதார். கண் திறக்க முடியவில்லையாம். வெளிச்சம் பட்டால் அலறுகிறாளாம். கருவிழியில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒன்று வந்திருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, பிஸ்கட் டின் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் அவள் புருஷனும் மாமியாரும் நின்றார்கள். அவள் கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். மணிக்கொரு தரம் மருந்து விட வேண்டும் என்பதால் தூக்கம் இல்லாமல் முகம் வீங்கிக் கிடந்தது. நான் வந்திருப்பதைக் குரலை வைத்துத் தெரிந்துகொண்டு கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும்.

"இந்த லென்ஸ் எங்க வாங்கினது?"

என் கை அவள் கையில் இருந்தது.

"நானேதான் டாக்டர், ஆன்லைன்ல வாங்கினேன்" என்றாள்.

"கண் டெஸ்ட் பண்ணாம, அளவு பார்க்காமயா? வேற யாராவது போட்ட லென்ஸா?"

"இல்ல டாக்டர். புதுசு."

டாக்டர் எழுதிக்கொண்டார். "அந்த லென்ஸும் டப்பாவும் இருந்தா கொண்டுவரச் சொல்லுங்க. அதுல என்ன கிருமி இருக்குன்னு லேப்ல பார்த்தா, மருந்து குடுக்க உதவியா இருக்கும்."

"வீட்டுல தேடச் சொல்றேன்" என்றாள்.

டாக்டர் போனதும் மாமியார் ஆரம்பித்தார். "கடவுள் குடுத்த கண்ணு பத்தலயா உனக்கு? ஆன்லைன்ல வாங்கினாளாம். கல்யாணமாகி ஒரு வாரம் ஆகல, என் மவன் ஆஸ்பத்திரில நிக்கறான்."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். 'நான்தான் போட்டுவிட்டேன், அவள் கேட்டது வேறு கலர்' என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? நான் மாமியாரைப் பார்த்து, "விடுங்கம்மா, சின்னப் பொண்ணு" என்றேன். மன்னித்துவிடச் சொல்லி அவளுக்காகக் கெஞ்சுகிற பெரிய மனுஷி மாதிரி.

மறுநாள் காலையில் அவளே போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, அந்த டப்பா உங்ககிட்டதானே இருக்கு? யாருக்கும் தெரியாம குடுத்து விடுங்க. நான் டாக்டர்கிட்ட குடுத்துடறேன். உங்க பேரு வராது."

டப்பா என் எதிரில் அலமாரியில் இருந்தது. லேப், பரிசோதனை என்றதும் எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. அதில் முந்தைய இரண்டு பேருடைய விஷயமும் தெரிந்துவிடுமோ, போலீஸ் வருமோ, பேக்டரியில் வேலை போய்விடுமோ.

"அத அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்மா."

"சரிக்கா" என்றாள்.

போனை வைத்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், செம்பனை மரங்களுக்கு நடுவில் குப்பை எரிக்கிற இடத்தில் நெருப்பில் போட்டேன். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய் இல்லை என்று அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு.

அந்த டப்பா கிடைத்திருந்தால் சரியான மருந்து இரண்டு நாள் முன்னதாகக் கிடைத்திருக்குமா, பார்வை தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. கருவிழிமேல் கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதித்தும் கிருமியைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். யாரிடமும் விவரமாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. வலது கண்ணில் கருவிழி நடுவே வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. வேலைக்குத் திரும்பி வந்தபோது கம்பெனியில் கண் பரிசோதனை செய்து, மைக்ராஸ்கோப் வேலை இனி முடியாது என்று பேக்கிங்கில் போட்டார்கள். அவளை அந்தப் பிரிவுக்கு மாற்றுகிற தாளில் லைன் லீடர் என்று கையெழுத்துப் போட்டது நான். ஒற்றைக் கண்ணால் லேபிள் படித்துப் படித்துத் தலைவலி வந்து, மூன்று மாதத்தில் நின்றுவிட்டாள்.

எங்கள் பேக்டரி வேனில் போக வர முக்கால் மணி நேரம். அந்த வேனில் அவள் கதை ரொம்ப நாள் ஓடியது. "கலர் கண்ணுக்கு ஆசைப்பட்டுக் கண்ணையே தொலைச்சிட்டா." "மாப்பிள்ளை வீட்டுல காட்டணும்னு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணாளாம்லா." ஒருநாள் ஒருத்தி என்னைக் கேட்டாள், "நீங்கதானேக்கா மேக்கப் பண்ணீங்க? நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க யாரு சொன்னா கேக்குதுங்க" என்றேன்.

இதை எழுதும்போதுகூட அந்த வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று தோன்றியது. அதைச் சொன்ன வாய் இதுதான்.

சில மாதங்கள் கழித்து, டவுனில் தெமியாங் பக்கம் போனபோது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தேன். மகளுக்குக் கலர் லென்ஸ் வேண்டும் என்று பொய் சொன்னேன். எனக்கு இருப்பது இரண்டு மகன்கள். கடையில் இருந்த பெண், லென்ஸ் எதையும் எடுத்துக் காட்டவில்லை. முதலில் மகளைக் கூட்டி வாருங்கள் என்றாள். பவர் இல்லாவிட்டாலும் கருவிழியின் வளைவை அளக்க வேண்டுமாம். செருப்பு மாதிரிதான், ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்கு இறுக்கும் என்றாள். கண் காய்கிற ஆளாக இருந்தால் போடவே கூடாது என்று திருப்பி அனுப்பிவிடுவாளாம். எல்லாம் சரியாக இருந்தால் கடையிலேயே உட்காரவைத்து, கை கழுவித் துடைத்து, போடவும் கழற்றவும் பழக்கித்தான் விடுவாளாம். வருஷத்தில் ஒருநாள் இரண்டு நாள் போடுகிறவர்களுக்கு, ஒரு தடவை போட்டு எறிகிற வகைதான் நல்லது என்றாள்.

"தண்ணி மட்டும் படவே கூடாதுக்கா. பைப் தண்ணியோ, குடிக்கிற தண்ணியோ, எதுவும். டப்பால இருக்கிற பழைய சொலூஷன கீழ ஊத்திட்டுப் புதுசு ஊத்தணும். பழசு மேல புதுசு ஊத்தறதுதான் நிறையப் பேரு செய்ற தப்பு. அதப் போட்டுட்டுத் தூங்கக் கூடாது. அப்புறம், மகளோட பிரண்டு கேட்டா ஒரு தடவகூட மாத்திப் போடக் கூடாது. கண்ணு சிவந்தா உடனே கழட்டிட்டு டாக்டர்கிட்ட காட்டணும், சிவப்பு போற சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருக்கக் கூடாது."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் செய்தது ஒவ்வொன்றும் அவள் வாயிலிருந்து வரிசையாக வந்து விழுந்தது. கால் மணி நேரப் பேச்சு. காசு கேட்கவில்லை. லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கால் மணி நேரத்துக்கு நான் சோம்பல்பட்டேன். "மகளைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சொன்னதை வெளியில் சொல்லாத ஆளிடம் முதலில் சொன்னேன், என் தைரியம் அவ்வளவுதான். ஃபாதர், "என்கிட்ட சொன்னா போதுமா?" என்று மட்டும் கேட்டார். கண் போன பெண்ணின் வீட்டுக்குப் போக அதற்கப்புறமும் பல வாரம் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்திலிருந்து மொத்தம் எட்டு மாதம்.

ராசாவில் அவள் வீட்டுக்குப் போனபோது சாயந்திரம். புருஷன் பஸ்ஸில் டியூட்டி. அவளும் மாமியாரும்தான் இருந்தார்கள். கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி போட்டிருந்தாள். மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடாமல், உட்காரக்கூடத் தோன்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸ் என்னுடையது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் போட்டது. அவள் கேட்டது வேறு கலர். கழற்றட்டுமா என்று கேட்டாள், நான்தான் விடவில்லை. டப்பாவை எரித்தேன்.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்கிட்ட பொய் சொன்னியா? டாக்டர்கிட்டயும் பொய் சொன்னியா? புதுசுன்னு சொன்னியே. உண்மையைச் சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாங்கல்ல? இன்னும் என்னென்ன மறைச்சிருக்க?"

"அம்மா, அவ மேல தப்பு இல்ல, நான்தான்..." என்றேன்.

"நீ பேசாத. நீ வெளியாளு. வீட்டுக்குள்ள இருக்கிறவ எட்டு மாசமா என் முகத்தப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கா."

அவள் மைலோ கப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கேட் வரைக்கும் என்னோடு வந்தாள். சாலையில் பஸ்ஸும் காரும் போய்க்கொண்டிருந்தன.

"ஏம்மா அன்னிக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க என் கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தீங்கக்கா. அவங்க எல்லாம் சுத்தி நிக்கும்போது உங்கள மாட்டிவிட எனக்கு மனசு வரல. ஒரு நாள் ரெண்டு நாள்ல நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அதான் போன்கூடப் பண்ணேன்."

"இப்ப சொல்லிட்டேன்மா."

"சொல்லிட்டீங்க. இனிமே உங்களுக்குத் தூக்கம் வரும்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "இவ்வளவு நாளா நான் ஆசைப்பட்டுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டவ. இன்னியிலருந்து பொய்க்காரி. அவரு டியூட்டி முடிஞ்சு வரட்டும், அவருகிட்ட வேற சொல்லணும். நீங்க போங்கக்கா, பஸ் போயிடும்."

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேனில் மறுவாரமே எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "அவளும் சேர்ந்துதானேக்கா மறைச்சா" என்று ஒருத்தி எனக்கு ஆறுதல் சொன்னாள். என்மேல் அன்பாகச் சொன்னதுதான். முதல் இரண்டு பெண்களையும் தேடிப் போய்க் கேட்டேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தி, "அந்த லென்ஸ் இன்னும் இருக்காக்கா? தங்கச்சி கல்யாணம் வருது" என்றாள்.

மேக்கப் வேலையை விடவில்லை. விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பையன்கள் படிக்கிறார்கள், புருஷனுக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் நிரந்தர வேலை இல்லை. லென்ஸ் மட்டும் போடுவதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் நடந்ததை முழுக்கச் சொல்லி, வேண்டுமானால் கண்ணாடிக் கடையில் டெஸ்ட் எடுத்து, உங்களுக்கென்று வாங்கி, போடப் பழகிக்கொண்டு வாருங்கள் என்பேன். போன மாதம் ஒரு பெண்ணின் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல இப்படி அபசகுனமா பேசறீங்களே" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு டவுனில் யாரோ நீல லென்ஸ் போட்டுவிட்டிருக்கிறார்கள். படம் எனக்கும் வந்தது. அழகாகத்தான் இருந்தாள்.

ராசாக்காரி பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று அவள் அம்மா சொல்லித் தெரியும். கருவிழி மாற்றுகிற ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்துக் காத்திருக்கிறாளாம். போன வாரம் சிரம்பான் பாசாரில் அவளைப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீரை வாங்கிவிட்டு, எதிரே வந்தாள். கூட்டத்தில் என்னைத் தாண்டும்போது, ஒரு முழம்கூட இருக்காது, நான் அவளுக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். நேரே பார்த்துக்கொண்டு நடந்து போனாள். தெரியாமல் போனாளா, தெரிந்தே போனாளா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.